பங்காளிகள் கட்டிய பெருநாடு: லித்துவேனியா கருங்கடல் வரை விரிந்தது எப்படி?

சிவப்புப் பின்னணியில், ஓங்கிய வாளோடு பாய்ந்து வரும் குதிரைவீரன். இது லித்துவேனியக் குடியரசின் அரசுச் சின்னம். 2020இல் பெலாரசில் தேர்தல் முடிவை எதிர்த்துத் தெருவுக்கு வந்த கூட்டத்திலும் இதே குதிரைவீரன் தென்பட்டான். லித்துவேனியர்கள் அவனை ‘வீதிஸ்’ என்கிறார்கள், பெலாரசியர்கள் ‘பகோனியா’ என்கிறார்கள். அண்டை வீட்டுக்காரர்கள் இருவர் ஒரே பட்டாவைக் காட்டினால் என்ன ஆகும்? 2023 வாக்கில் லித்துவேனிய அரசியலில் ‘லித்வினிசம்’ என்ற சொல் சூடாக அடிபட்டது. பழைய லித்துவேனியப் பெருநாட்டின் மெய்யான வாரிசுகள் நாங்களே என்று பெலாரசியர் சிலர் சொல்லிவருவதற்கு வைக்கப்பட்ட பெயர் அது.

15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பெருநாடு பால்டிக் கடலோரத்திலிருந்து கருங்கடல் வரை நீண்டு கிடந்தது. பரப்பு சுமார் 9 லட்சம் சதுர கிலோமீட்டர். இன்றைய லித்துவேனியாவின் பரப்பு 65,300 சதுர கிலோமீட்டர்தான். இன்றைய பெலாரஸ் முழுதும், உக்ரைனின் பெரும்பகுதியும், ரஷ்யாவின் மேற்கு ஓரமும் அதற்குள் இருந்தன. வரலாற்று நிலப்படங்கள் இவ்வளவையும் ஒரே வண்ணத்தில் நிரப்பிவிடுகின்றன. குழப்பம் அந்த வண்ணத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஒரே தலைநகரிலிருந்து ஒரே சட்டத்தால் ஆளப்பட்ட தேசமாக அதைக் கற்பனை செய்துகொள்கிறோம். ஒரு குடும்பம் சேர்த்த, பங்காளிகள் பிரித்து ஆண்ட, அவ்வப்போது ஒருவரையொருவர் கழுத்தை நெரித்துக்கொண்ட சொத்தாகப் பார்த்தால்தான் அதன் போக்கு பிடிபடும்.

முதலில் சில சொற்கள்

1. லித்துவேனியா: நேமன் ஆற்றுக்கும் அதன் துணையாறான நெரிஸ் ஆற்றுக்கும் அண்டையில் வாழ்ந்த பால்டிக் மொழிக்காரர்களின் நிலம். பெயர் முதன்முதலில் எழுத்தில் வருவது 1009இல், குவெட்லின்பர்க் மடத்து ஆண்டுக்குறிப்பில். அதுவும் ஒரு கிறிஸ்தவப் போதகர் கொல்லப்பட்ட செய்தியோடு.

2. சமோகிதியா: லித்துவேனியாவின் மேற்குப் பகுதி. கடலுக்கும் உள்நாட்டுக்கும் இடையே கிடந்ததால் எல்லோருக்கும் வேண்டியதாயிருந்தது. ஐரோப்பாவில் கடைசியாகக் கிறிஸ்தவம் ஏற்றதும் இந்த நிலம்தான்.

3. ரூஸ்: கீவ் நகரை மையமாகக் கொண்டிருந்த கிழக்கு ஸ்லாவியரின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ உலகம். ரூஸ் என்றதும் ரஷ்யா என்று நினைத்துவிடக் கூடாது. பெலாரஸ், உக்ரைன், ரஷ்யா மூன்றுமே தங்கள் வேரை அங்கேதான் தேடுகின்றன.

4. பெருங்கோமகன்: குறுநில மன்னர்களுக்கெல்லாம் மூத்தவர். லித்துவேனிய ஆட்சியாளர்களுக்குப் பொதுவாக வழங்கும் பட்டம். ‘அரசர்’ என்ற பட்டத்தை முடிசூடி அடைந்தவர் ஒரே ஒருவர்.

5. டியூட்டானிக் சபை: ஜெர்மானிய வீரத்துறவிகளின் அமைப்பு. சிலுவைப் போரில் தோன்றி, பின் பிரஷ்யாவையும் லிவோனியாவையும் (இன்றைய லாத்வியா, எஸ்தோனியா) பிடித்து, லித்துவேனியாவை இரு பக்கமும் நெருக்கியது.

இரண்டு இடிகள், நடுவில் ஒரு காடு

1219இல் லித்துவேனியர்கள் ரூஸின் தென்மேற்கு மூலையிலிருந்த கலீசிய வோலினிய அரசோடு ஓர் உடன்படிக்கை செய்தார்கள். அதில் லித்துவேனியத் தரப்பில் பெயர் சொல்லப்பட்டவர்கள் 21 பேர். அவர்களில் 5 பேர் மட்டும் ‘மூத்தவர்கள்’. 21 தலைக்கட்டுகள் உட்கார்ந்து கையொப்பமிடும் இடத்துக்கு நாடு என்று பெயர் வைக்க முடியாது.

அடுத்த 20 ஆண்டுகளில் மேற்கிலும் கிழக்கிலும் இரண்டு இடிகள் விழுந்தன. மேற்கில் வாள்சகோதரர்கள் என்ற ஜெர்மானிய வீரத்துறவிகளை 1236இல் சௌலே என்ற இடத்தில் சமோகிதியர்கள் நொறுக்கினார்கள். மிஞ்சியவர்கள் மறு ஆண்டே டியூட்டானிக் சபையோடு இணைந்தார்கள். வெற்றிக்குக் கிடைத்த பரிசு, முன்னைவிடப் பெரிய எதிரி. கிழக்கில் மங்கோலியர்கள் 1237இல் ரூஸுக்குள் புகுந்தார்கள். 1240 டிசம்பரில் கீவ் விழுந்தது. ரூஸின் குறுநிலங்கள் பலவும் ‘தங்க நாடோடிக் கூட்டம்’ எனப்பட்ட மங்கோலியக் கான்களுக்குக் கப்பம் கட்டத் தொடங்கின.

லித்துவேனியா பெரிய அளவில் மிதிபடாமல் தப்பியது. அடர்ந்த காடும் சதுப்பும் குதிரைப்படைக்கு ஒத்துவரவில்லை. கிழக்கே தலைமையற்றுக் கிடந்த குறுநிலங்கள், மேற்கே விடாமல் அடிக்கும் சபை. அடுத்த 200 ஆண்டுக் கதையை இந்த இரண்டும்தான் நடத்துகின்றன. மேற்கில் போரிடக் குதிரையும் ஆளும் வெள்ளியும் தேவை, அவை கிழக்கிலிருந்துதான் வரவேண்டும்.

முடிசூடிய ஒருவர்

அந்த 5 மூத்தவர்களில் ஒருவர் மிண்டௌகஸ். உறவினரைத் துரத்தியும் ஒழித்தும் மேலே வந்தவர். துரத்தப்பட்டவர்கள் சபையோடும் வோலினியாவோடும் கைகோத்துத் திரும்பி வந்தபோது, அவர் எதிராளியின் காலடி மண்ணையே உருவினார். 1251இல் ஞானஸ்நானம் பெற்று, சபைக்குச் சமோகிதியாவில் நிலம் எழுதிக் கொடுத்து, போப் நான்காம் இன்னசென்ட்டின் ஒப்புதலோடு 1253இல் அரசராக முடிசூடினார். அந்த ஜூலை 6 இன்றும் லித்துவேனியாவின் அரசுரிமை நாள்.

ஆனால் சமோகிதியர்கள் அந்தப் பத்திரத்தை ஏற்கவில்லை. 1260இல் துர்பே என்ற இடத்தில் சபையின் படையை அவர்கள் தோற்கடிக்கவும், மிண்டௌகசும் சபையை உதறிவிட்டு அவர்கள் பக்கம் சாய்ந்தார். 1263இல் அவரையும் இரு மகன்களையும் கொன்றவர்கள் உறவுக்காரரான த்ரெனியோத்தாவும் தௌமந்தஸ் என்ற குறுநில மன்னரும். அரசி மோர்த்தா இறந்ததும், துக்கத்துக்கு வந்த அவள் தங்கையை, அதாவது தௌமந்தசின் மனைவியை, மிண்டௌகஸ் தனக்கென வைத்துக்கொண்டார் என்கிறது ரூஸ் நாட்டுக் குறிப்பு.

தௌமந்தசின் பிற்கதை இந்தக் காலத்தை அப்படியே காட்டிவிடும். அவர் ரூஸின் ப்ஸ்கோவ் நகருக்கு ஓடி, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவரானார். நகரத்தார் அவரையே தலைவராக வைத்துக்கொண்டார்கள். அவர் ஜெர்மானியரிடமிருந்து நகரைக் காத்தார். இன்று ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அவரைப் புனிதராக வணங்குகிறது. அரசனைக் கொன்ற லித்துவேனியர் ரூஸ் நகரத்துக்குக் காவல் தெய்வமான விந்தை. ரூஸ் நகரங்களுக்குத் தேவைப்பட்டது வாள் பிடிக்கத் தெரிந்த ஒரு தலைவர். அவர் எந்த ஊர்க்காரர் என்பது இரண்டாம் பட்சம்.

கெடிமினசின் குடும்பக் கணக்கு

மிண்டௌகசுக்குப் பின் வந்த குழப்பங்களைத் தாண்டி நேராக 1316க்குப் போகலாம். அந்த ஆண்டு பெருங்கோமகனான கெடிமினஸ் 1341 வரை ஆண்டார். விரிவாக்கத்தின் வழிமுறை அவர் காலத்தில்தான் உருப்பெற்றது.

1323இல் அவர் வில்னியசிலிருந்து ஜெர்மானிய வணிக நகரங்களுக்குக் கடிதங்கள் அனுப்பினார். வணிகர், கொல்லர், செருப்புத் தைப்பவர், உழவர் என எல்லாரும் வரலாம், பாதுகாப்பு உண்டு என்ற அழைப்பு அது. வில்னியஸ் என்ற பெயர் எழுத்தில் முதலில் வருவது அங்கேதான். அந்த லத்தீன் கடிதங்களில் அவர் தன்னை ‘லித்துவேனியருக்கும் ரூஸ் மக்களுக்கும் அரசன்’ என்று குறிப்பிட்டுக்கொள்கிறார். இன்றைய சண்டைக்கான விதை அந்தப் பட்டத்திலேயே கிடக்கிறது.

நிலம் சேர்ந்த வழிகள் இவை:

1. சம்பந்தம். கெடிமினசுக்கு ஏழு மகன்கள், பல மகள்கள். ஒரு மகள் ரூஸின் த்வேர் மன்னருக்கு (1320), ஒரு மகள் போலந்தின் பட்டத்து இளவரசர் கசிமிருக்கு (1325), ஒரு மகள் கலீசிய வோலினியாவுக்கு (1331), ஒரு மகள் மாஸ்கோவின் சிமியோனுக்கு (1333). கசிமிருக்கு வாழ்க்கைப்பட்ட அல்தோனாவோடு சீதனமாகப் போனவர்கள், முன்னர் லித்துவேனியர்கள் பிடித்துவைத்திருந்த போலந்துக் கைதிகள். மகன் அல்கிர்தஸ் வித்தேப்ஸ்க் (இன்றைய பெலாரசில்) மன்னரின் மகளைக் கட்டினார். ஆண் வாரிசு இல்லாத மாமனார் 1320இல் இறந்ததும் வித்தேப்ஸ்க் மருமகன் கைக்கு வந்தது.

2. காலியான இருக்கை. 1340இல் கலீசிய வோலினியாவின் மன்னர் நஞ்சு வைத்துக் கொல்லப்பட்டதும் அந்த நிலத்துக்குப் போலந்தும் லித்துவேனியாவும் மோதின. 50 ஆண்டுகள் இழுத்தடித்த வழக்கில் கலீசியா போலந்துக்கும் வோலினியா லித்துவேனியாவுக்கும் போயின. வோலினியாவில் போய் உட்கார்ந்தவர் கெடிமினசின் இன்னொரு மகன் லியுபார்த்தஸ்.

3. ஊரோடு ஒத்துப்போதல். ரூஸ் நிலத்துக்கு ஆளப்போன மகன்கள் அந்த ஊர்த் திருச்சபையிலேயே சேர்ந்தார்கள். லியுபார்த்தஸ் திமித்ரி ஆனார், நரிமந்தஸ் க்ளெப் ஆனார். பழைய நிலக்கிழார்களின் உரிமையும் ஊர் வழக்கமும் தொடர்ந்தன. ‘பழையதைக் குலைப்பதில்லை, புதியதைப் புகுத்துவதில்லை’ என்ற வாசகம் பிற்காலச் சாசனங்களில் திரும்பத் திரும்ப வரும்.

4. கப்பத்தை நிறுத்தாமை. பலரும் கவனிக்காதது இது. தென் நிலங்களைப் பிடித்ததும் மங்கோலியரை விரட்டிவிட்டதாகப் பள்ளிப் புத்தகத் தொனியில் எழுதுகிறார்கள். 1375இல் பொதோலியாவை (இன்றைய உக்ரைனின் தென்மேற்குப் பகுதி) ஆண்ட கெடிமினசின் பேரன் அலெக்சாந்தர் ஒரு மடத்துக்குக் கொடுத்த சாசனத்தைப் பாருங்கள். நிலக்கிழார் எல்லாரும் தாத்தாருக்கு (அதாவது தங்க நாடோடிக் கூட்டத்தாருக்கு) கப்பம் கட்டும்போது இந்த மடத்து ஆட்களும் வெள்ளி தர வேண்டும் என்கிறது. கொடி மாறினாலும் தண்டல் மாறவில்லை. உள்ளூர்க்காரருக்கு ஆளுபவர் மாறியது பெரிய அதிர்ச்சியாக இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

போரே இல்லாமல் எல்லாம் நடந்ததாக நினைக்க வேண்டாம். கொள்ளையும் ஆள் பிடிப்பும் நிறையவே இருந்தன. ஆனாலும் பிடித்த நிலம் கையை விட்டுப் போகாமல் இருந்ததற்கு இந்த நான்கும் வாளைவிட அதிகம் உதவின.

ஞானஸ்நானம் என்ற காசு

14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மிஞ்சியிருந்த ஒரே பெரிய பழஞ்சமய அரசு லித்துவேனியா. இடியின் கடவுள் பெர்கூனசை வணங்கினார்கள், இறந்த மன்னரை எரித்தார்கள். பிடிவாதம் என்று இதைச் சொல்வது எளிது. நடந்ததைப் பார்த்தால் பேரமாகத்தான் தெரிகிறது. ஞானஸ்நானம் ஒருமுறைதான் செலவழிக்கக்கூடிய காசு. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டிக்காட்டும்வரை மதிப்பு.

1323 கடிதங்களில் கெடிமினஸ் போப்புக்கு ஆசை காட்டினார். மறு ஆண்டு போப்பின் தூதர்கள் வில்னியசுக்கு வந்து கேட்டபோது கையை விரித்தார். அப்படி எழுதச் சொல்லவே இல்லை, எழுதிய துறவியின் வேலை அது, அந்த எண்ணம் எனக்கு இருந்திருந்தால் சாத்தானே எனக்கு ஞானஸ்நானம் தரட்டும் என்றாராம். கிறிஸ்தவர்கள் அவரவர் முறையில் கும்பிடட்டும், நாங்கள் எங்கள் முறையில் கும்பிடுகிறோம், கடவுள் ஒருவர்தானே என்றும் சொன்னதாகத் தூதர்களின் அறிக்கை கூறுகிறது. சகிப்புத்தன்மைக்கு மேற்கோளாக இது அடிக்கடி காட்டப்படும். சபையின் படை வாசலில் நிற்க, ஆர்த்தடாக்ஸ் குடிகள் கோபப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய மன்னரின் பேச்சு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1351இல் நடந்தது இன்னும் சுவையானது. கெடிமினசின் மகன் கெஸ்டுடிஸ் ஹங்கேரி மன்னர் லாயோஷிடம் ஞானஸ்நானம் பெறுவதாக ஒப்புக்கொண்டார். உறுதிமொழியைத் தம் சமய வழக்கப்படி செய்தார். இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு காளையை வெட்டி, இரத்தத்தைக் கையிலும் முகத்திலும் பூசிக்கொண்டு, சத்தியச் சொற்களைக் கூவினார். பிறகு, துண்டான தலைக்கும் உடலுக்கும் இடையே நடந்தார். ஹங்கேரியக் குறிப்பு பதிந்துவைத்திருக்கும் அந்தச் சொற்கள் லித்துவேனிய மொழியில் இல்லை, ஸ்லாவிய மொழியில் இருக்கின்றன. பழஞ்சமயச் சடங்கு, கூவியதோ ரூஸ் மொழி! ஹங்கேரியின் புதா நகருக்குப் போகும் வழியில் ஓர் இரவு கெஸ்டுடிஸ் கிளம்பிப் போய்விட்டார். ஞானஸ்நானம் நடக்கவில்லை.

1358இல் புனித ரோமானியப் பேரரசர் நான்காம் சார்லசிடம் லித்துவேனியர்கள் விலையைப் பச்சையாகவே சொன்னார்கள். சபை பிடித்த நிலத்தைத் திருப்பித் தரட்டும், தாத்தாரோடு சண்டை போட ஸ்டெப்பி என்ற தெற்குப் புல்வெளிக்குப் போகட்டும், ரூஸ் முழுவதும் லித்துவேனியருக்கே என்று ஒப்புக்கொள்ளட்டும் என்றார்கள். பேரம் படியவில்லை.

அண்ணன் கிழக்கு, தம்பி மேற்கு

கெடிமினசுக்குப் பிறகு பட்டத்துக்கு வந்த மகன் யௌனுதிசை 1345இல் அல்கிர்தசும் கெஸ்டுடிசும் சேர்ந்து இறக்கிவிட்டார்கள். பிறகு 32 ஆண்டுகள் அண்ணன் வில்னியசில் பெருங்கோமகன், தம்பி அருகிலுள்ள த்ராகையில். கிழக்கை அண்ணன் பார்ப்பார், சபையைத் தம்பி பார்ப்பார். பங்காளிகள் அடித்துக்கொள்ளாமல் இத்தனை காலம் ஓட்டியது அந்த வீட்டில் அபூர்வம்.

தம்பியின் பக்கம் எப்படியிருந்தது என்பதற்கு ஒரு சான்று. சபை 1384 முதல் 1402 வரை ஒற்றர்களிடமிருந்து தொகுத்த வழிக்குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. லித்துவேனியாவுக்குள் புக நூறு பாதைகள். எங்கே தண்ணீர், எங்கே குதிரைக்குப் புல், எந்த ஓடைக்குப் பாலம் போட வேண்டும், வழிகாட்டி யார் என்று ஒவ்வொன்றுக்கும் விவரம் உண்டு. ஆண்டுக்கு இரண்டு பருவம் தாக்குதல். சதுப்பு உறைந்த கடுங்குளிரில் ஒன்று, காய்ந்த கோடையில் ஒன்று. பனி போதுமான அளவு உறையவில்லை என்றால் படையெடுப்பு ரத்து. மேற்கு ஐரோப்பிய உயர்குடியினர் இதற்கு விருந்தாளிகளாக வந்துபோனார்கள். 1390இல் வில்னியசை முற்றுகையிட்ட படையில், பின்னாளில் இங்கிலாந்தின் நான்காம் ஹென்றியானவரும் இருந்தார்.

அண்ணனின் பக்கம் வேறு தாளத்தில் ஓடியது. பீர், தேன்மது, திராட்சை மது எதையும் தொடாதவர், எங்கே படை போகிறது என்பதைத் தம் ஆட்களிடம்கூடச் சொல்லாதவர் என்று அல்கிர்தசைப் பற்றி ரூஸ் குறிப்பெழுத்தர்கள் எரிச்சல் கலந்த வியப்போடு எழுதியிருக்கிறார்கள். 1359இல் தங்க நாடோடிக் கூட்டத்தின் கான் பெர்தி பெக் கொல்லப்பட்டதும் அங்கே இருக்கைச் சண்டை மூண்டது. 1362இல் நீலநீர் என்ற ஆற்றங்கரையில் அல்கிர்தஸ் தாத்தார் தலைவர்களைத் தோற்கடித்தார். கீவ் அவருடைய மகன் வோலோதிமிர் கைக்கு வந்தது. வோலோதிமிர் அங்கே அடித்த காசுகளில் முதலாவன தாத்தார் நாணயங்களைப் பார்த்துச் செய்தவை.

மாஸ்கோவிடம் இந்த உத்தி பலிக்கவில்லை. 1368, 1370, 1372 என மூன்று முறை அல்கிர்தஸ் படையெடுத்தார். முதல் முறை, அப்போதுதான் எழுந்திருந்த வெள்ளைக்கல் கிரெம்ளின் கோட்டை முன் மூன்று நாள் நின்றுவிட்டுத் திரும்பினார். மாஸ்கோவின் இருக்கை காலியாக இல்லை. அங்கே சம்பந்தமும் உதவாது, ‘பழையதைக் குலைக்க மாட்டோம்’ என்ற வாக்கும் தேவைப்படாது. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைமை ஆயரும் மாஸ்கோவிலேயே இருந்தார். பழஞ்சமய மன்னரால் ஓர் எல்லைக்கு மேல் ரூஸின் தலைவராக முடியாது என்பது இங்கேதான் முகத்தில் அறைந்தது.

காசைச் செலவழித்த தலைமுறை

1377இல் அல்கிர்தஸ் இறந்தார். 18 குதிரைகளோடு அவரை எரித்ததாகச் சபைக் குறிப்பு சொல்கிறது. பட்டம் மகன் யோகைலாவுக்குப் போனது. பங்காளிச் சண்டையும் உடனே வந்துவிட்டது. 1380இல் சித்தப்பாவுக்குத் தெரியாமல் யோகைலா சபையோடு ரகசிய ஒப்பந்தம் போட்டார். அது தெரியவந்ததும் கெஸ்டுடிஸ் அவரை இறக்கிவிட்டுத் தானே பெருங்கோமகனானார். 1382இல் பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்தில் கெஸ்டுடிசும் மகன் விட்டௌடசும் பிடிபட்டார்கள். க்ரேவா கோட்டையில் கெஸ்டுடிஸ் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார். விட்டௌடஸ் பெண் வேடத்தில் தப்பி, தந்தை வாழ்நாளெல்லாம் போரிட்ட அதே சபையிடம் அடைக்கலம் புகுந்தார்.

யோகைலாவுக்கு இப்போது கூட்டாளி வேண்டும். இரண்டு மணப்பெண்கள் பேச்சில் இருந்தார்கள். மாஸ்கோ மன்னரின் மகளைக் கட்டினால் ஆர்த்தடாக்ஸ் ஆக வேண்டும். போலந்தின் யாத்விகாவைக் கட்டினால் கத்தோலிக்கர் ஆக வேண்டும். முதல் வழி சபையை நிறுத்தாது, ஏனென்றால் கத்தோலிக்கரல்லாத எவரும் அவர்களுக்கு இரைதான். இரண்டாம் வழி சபையின் காரணத்தையே பறித்துவிடும், கூடவே ஒரு மகுடமும் கிடைக்கும்.

1385 ஆகஸ்ட் 14இல், தம் சித்தப்பா மாண்ட அதே க்ரேவாவில், யோகைலா வாக்குறுதிப் பத்திரம் கொடுத்தார். லித்துவேனிய, ரூஸ் நிலங்களைப் போலந்து மகுடத்தோடு ‘அப்ளிகாரே’ செய்வேன் என்கிறது அந்த லத்தீன் வாசகம். சேர்ப்பதா, இணைப்பதா, ஒட்டவைப்பதா? அந்த ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லி வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை ஓயவில்லை. 1386 பிப்ரவரியில் கிராக்கோவில் ஞானஸ்நானம், சில நாளில் திருமணம், மார்ச் 4இல் முடிசூட்டு. மணப்பெண்ணுக்குச் சுமார் 12 வயது. அவளோ 1384இலேயே போலந்தின் ‘அரசர்’ என்ற பட்டத்தோடு முடிசூடியிருந்தவள். 1387இல் வில்னியசில் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் நடந்தது.

விட்டௌடஸ் இதற்கெல்லாம் மசியவில்லை. இரண்டு முறை சபையோடு சேர்ந்து யோகைலாவை எதிர்த்தார், சமோகிதியாவை அடகுப் பொருள்போல அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார், மீண்டும் பிடுங்கினார். மூன்று முறை ஞானஸ்நானம் பெற்றவர் என்று சொல்வார்கள், அரசியல் திசை மாறும்போதெல்லாம் ஒன்று. 1392இல் ஓஸ்த்ரூவ் உடன்பாட்டில் வழக்கு முடிந்தது. யோகைலா போலந்தில் இருந்துகொண்டு மேலுரிமை கொண்டாடுவார், லித்துவேனியாவை நடத்துவது விட்டௌடஸ்.

பெருநாடு தன் உச்சப் பரப்பை எட்டியது இவர் காலத்தில்தான். பொதோலியாவிலும் கீவிலும் சொந்தமாக ஆண்டுகொண்டிருந்த பங்காளிகளை அகற்றித் தம் ஆளுநர்களை வைத்தார். 1404இல் ரூஸின் ஸ்மோலென்ஸ்க் நகரம் கைக்கு வந்தது. 1410 ஜூலை 15இல் க்ருன்வால்ட் வயலில் இரண்டு பங்காளிகளின் படைகளும் சேர்ந்து சபையை முறித்தன. சபைத் தலைவர் உல்ரிக் ஃபான் யுங்கிங்கன் களத்திலேயே மாண்டார். 1422இல் மெல்னோ உடன்படிக்கை வகுத்த லித்துவேனிய பிரஷ்ய எல்லை சுமார் 500 ஆண்டுகள் நின்றது.

எங்கே நின்றது

1399இல் விட்டௌடஸ், பதவியிழந்த கான் தோக்தமிஷை மீண்டும் இருக்கையில் அமர்த்தக் கிளம்பினார். வோர்ஸ்க்லா ஆற்றங்கரையில் ஆகஸ்ட் 12இல் படை சிதறியது, ஏராளமான குறுநில மன்னர்கள் மாண்டார்கள். ஸ்டெப்பியை முழுதாக விழுங்கும் கனவு அங்கே முடிந்தது. வெற்றி பெற்றிருந்தால் மாஸ்கோவின் கதி என்ன என்ற ஊகம் சுவையானது, ஆனால் ஊகம்தான்.

இன்னொரு தடை உள்ளேயே உருவானது. 1413இல் ஹொரோத்லோ உடன்பாட்டின்படி 47 போலந்துப் பிரபுக் குடும்பங்கள் தங்கள் குலச்சின்னங்களை லித்துவேனியப் பிரபுக்களோடு பகிர்ந்துகொண்டன. சலுகை கத்தோலிக்கருக்கு மட்டும். குடிகளில் பெரும்பான்மை ஆர்த்தடாக்ஸ். ஊரோடு ஒத்துப்போய்ச் சேர்த்த நிலத்தில், முதன்முறையாக ஊர்ச் சமயம் ஒரு குறையாகக் கணக்கிடப்பட்டது. பிற்காலத்தில் இவான் III காலத்து மாஸ்கோ நெருக்கியபோது, எல்லைப்புற ஆர்த்தடாக்ஸ் மன்னர்கள் பலர் நிலத்தோடு அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். 1514இல் ஸ்மோலென்ஸ்கும் போனது.

விட்டௌடசுக்கு மகுடத்தின் மேல் ஆசை இருந்தது. 1429இல் லுட்ஸ்க் மாநாட்டில், பின்னாளில் புனித ரோமானியப் பேரரசரான சிகிஸ்முண்ட் அதற்கு ஆதரவு தந்தார். போலந்துப் பிரபுக்கள் வழிமறித்தார்கள். மகுடம் வந்து சேருமுன் 1430 அக்டோபர் 27இல், 80ஐ எட்டும் வயதில், த்ராகையில் அவர் இறந்தார்.

இன்றைய வழக்குக்கு இதெல்லாம் என்ன சொல்கிறது

இரு தரப்பும் காட்டும் ஆவணங்கள் மெய்யானவை. அதுதான் சிக்கல்.

1. ஆளும் குடும்பம் பால்டிக் லித்துவேனியக் குடும்பம். தலைநகரங்களான வில்னியசும் த்ராகையும் இன்றைய லித்துவேனியாவில். இதில் ஐயமில்லை.

2. அந்த அரசின் எழுத்து மொழி ரூஸ் மொழி, அதாவது இன்றைய பெலாரசிய, உக்ரைனிய மொழிகளின் பழைய வடிவம். 1529, 1566, 1588 ஆண்டுகளின் லித்துவேனியச் சட்டத் தொகுப்புகள் அதில்தான் எழுதப்பட்டன. லித்துவேனிய மொழியில் முதல் அச்சுநூல் 1547இல்தான், அதுவும் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்கில் வந்தது.

3. அன்று ‘லித்வின்’ என்றால் பெரும்பாலும் இந்தப் பெருநாட்டுக்காரர் என்றே பொருள். வீட்டில் பேசும் மொழியை அது சொல்லாது. 19ஆம் நூற்றாண்டில் மொழியே தேசம் என்ற எண்ணம் வந்தபின் பழைய சொல்லைப் பங்கு போடுவது சண்டையாயிற்று.

என் கணிப்பில், லித்வினிசக்காரர்கள் இரண்டாம் புள்ளியை வைத்து முதல் புள்ளியை அழிக்கப் பார்க்கிறார்கள். லித்துவேனிய தேசியவாதிகள் முதல் புள்ளியின் சத்தத்தில் இரண்டாவதை மறைக்கப் பார்க்கிறார்கள். முன்னவர்களின் தவறு பெரிது, பின்னவர்களின் தவறு பழையது.

பெருநாட்டின் தடம் சின்னங்களில் மட்டும் இல்லை. 1569இல் போலந்தும் லித்துவேனியாவும் ஒரே கூட்டரசாக இணைந்த லுப்ளின் ஒன்றியத்தின்போது கீவ், வோலினியா, ப்ராட்ஸ்லாவ், பொத்லாசியா ஆகியவை லித்துவேனியாவிலிருந்து போலந்துக்கு மாற்றப்பட்டன. அன்று போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் நடுவே விழுந்த அந்த எல்லைக்கோட்டை ஒட்டித்தான் இன்றைய பெலாரஸ் உக்ரைன் எல்லை பெரும்பாலும் ஓடுகிறது. லித்துவேனியா, போலந்து, உக்ரைன் மூன்றும் 2020இல் அமைத்த கூட்டணிக்கு லுப்ளின் முக்கோணம் என்று பெயர். மூன்று நாட்டு வீரர்களைக் கொண்ட கூட்டுப் படைப்பிரிவுக்கு, 1514இல் ஓர்ஷாவில் மாஸ்கோ படையை வென்ற கொன்ஸ்தான்தின் ஓஸ்த்ரோக்ஸ்கியின் பெயர். அவர் லித்துவேனியப் பெருநாட்டின் படைத்தலைவர், ரூஸ் குலத்தவர், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்.

பெலாரசில் குதிரைவீரன் 1991 முதல் 1995 வரை அரசுச் சின்னமாகவே இருந்தான். பிறகு அகற்றப்பட்டு எதிர்க்கட்சியினரின் அடையாளமானான். அவன் கேடயத்தில் இரட்டைக் குறுக்குக் கோடு கொண்ட சிலுவை உண்டு. 1386இல் ஞானஸ்நானம் பெற்ற யோகைலாவின் சிலுவை அது என்கிறார்கள் லித்துவேனியர்கள். போலோட்ஸ்க் நகரத்துப் புனிதை எஃப்ரோசினியா 1161இல் செய்வித்த ஆர்த்தடாக்ஸ் சிலுவையை அதில் காண்பவர்கள் பெலாரசில் இருக்கிறார்கள்.